படத்தில் பார்த்த சண்டையை மேசைக்குக் கொண்டுவருவது எப்படி?

கேள்வி இதுதான்: "போர்ப் படங்களும் தொடர்களும் பார்த்துவிட்டு, அதே சண்டையை மினியேச்சர் வீரர்களை வைத்து மேசையில் ஆடிப் பார்க்கிறேன். திரையில் இருந்த விறுவிறுப்பு மேசையில் வருவதே இல்லை. எங்கே தவறு செய்கிறேன்? இதற்கு ஒத்துவரும் படங்கள் எவை?"

நான் பட்ட அடியிலிருந்தே தொடங்குகிறேன். 'ஜூலு' (1964) படத்தைப் பார்த்த வேகத்தில் ரோர்க்ஸ் டிரிஃப்ட் சண்டையை மேசையில் கட்டினேன். தென்னாப்பிரிக்காவில் 1879 ஜனவரி 22 அன்று மாலை தொடங்கி மறுநாள் விடியும்வரை நடந்த சண்டை அது. சிறிய கிறித்தவ மிஷன் நிலையம் ஒன்று. உள்ளே சுமார் 150 பிரிட்டிஷ் வீரர்கள், அதில் சிலர் படுக்கையில் கிடந்த நோயாளிகள். வெளியே 3,000 முதல் 4,000 ஜூலு வீரர்கள். உள்ளே இருந்தவர்கள் மக்காச்சோள மூட்டைகளையும் பிஸ்கட் பெட்டிகளையும் அடுக்கி அரண் கட்டித் தாக்குப்பிடித்தார்கள். அந்த ஒரு சண்டைக்கு மட்டும் பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் 11 பேருக்குக் கொடுக்கப்பட்டது.

நான் மூட்டைகளைக்கூட களிமண்ணில் ஒவ்வொன்றாக உருட்டிச் செய்தேன். கூரை வேய்ந்த மருத்துவமனை, பின்னால் குன்று, எல்லாம் படத்தில் பார்த்த மாதிரியே வந்தது. ஆட்டம் தொடங்கியது. மூன்றாவது டர்னில் (ஆட்டத்தின் ஒரு சுற்றுதான் டர்ன்) ஜூலு பக்கம் ஆடிய நண்பர் கொட்டாவி விட்டார். ஐந்தாவது டர்னில், "நான் பொம்மைகளை முன்னால் தள்ளுகிறேன், நீ பகடை உருட்டி எடுத்து வைக்கிறாய், இதில் எனக்கு என்ன வேலை?" என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. அவர் கேட்டது நியாயம்.

படம் முழுக்க அரணுக்கு உள்ளே இருப்பவர்களின் கண் வழியாகப் பார்க்கிறது. வெளியே இருப்பவர்கள் அலை அலையாக வந்தால் போதும், பார்ப்பவருக்கு நெஞ்சு படபடக்கும். மேசையிலோ அந்த அலைக்குப் பின்னால் ஒரு மனிதர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். அவருக்கும் யோசிக்க, ஏமாற்ற, தப்புக் கணக்குப் போட ஏதாவது இருக்க வேண்டும். நான் மூட்டைகளையும் கூரையையும் எடுத்துக்கொண்டேன், இக்கட்டை எடுக்க மறந்துவிட்டேன்.

இக்கட்டு என்று நான் சொல்வது இதைத்தான்: ஒரு ஆள், அவன் முன்னால் இரண்டு வழி, இரண்டிலும் ஏதோ ஒன்று போகும், யோசிக்க நேரமும் இல்லை. நல்ல போர்க் காட்சிகளில் இது கட்டாயம் இருக்கும். வெடியும் புகையும் அதற்கு மேல் பூசிய சாயம். மேசைக்கு வரும்போது சாயத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

ரோர்க்ஸ் டிரிஃப்டிலேயே அந்த இக்கட்டு இருந்தது. சண்டைக்குச் சற்று முன்பு, கூட இருந்த உள்ளூர்த் துணைப்படையினர் விலகிப் போய்விட்டார்கள். அதனால் கட்டி வைத்திருந்த அரண், இருக்கிற ஆட்களுக்கு அளவுக்கு மீறி நீளமாகிவிட்டது. பொறுப்பிலிருந்த லெப்டினன்ட் சார்ட் குறுக்கே பிஸ்கட் பெட்டிகளால் இன்னொரு சுவர் எழுப்பினார். மருத்துவமனையை விட்டுவிட்டால் அந்தச் சுவருக்குப் பின்னால் சுருங்கிக்கொள்ளலாம். ஆனால் உள்ளே நோயாளிகள் கிடக்கிறார்கள். எப்போது விடுவது? சீக்கிரம் விட்டால் ஆட்கள் போவார்கள், தாமதித்தால் அரணே போகும். இது பிரிட்டிஷ் பக்கத்துக்கு. ஜூலு பக்கத்துக்கான விதையைப் படமே தருகிறது. முதல் தாக்குதல் வந்து திரும்பிப் போனதும், அவர்கள் உங்கள் துப்பாக்கிகளை எண்ணிப் பார்க்கிறார்கள் என்று ஒரு பாத்திரம் விளக்குவார். அதை விதியாக்கினேன். பிரிட்டிஷ் வீரர்கள் எந்தச் சுவரில் எத்தனை பேர் என்பது ஒரு தாளில் மட்டும் இருக்கும். ஜூலு ஆட்டக்காரர் தன் ஆட்களை அனுப்பித்தான் அதைத் தெரிந்துகொள்ள முடியும். எட்டு டர்னுக்குள் மருத்துவமனை, கிடங்கு இரண்டில் ஒன்றைப் பிடித்தால் அவருக்கு வெற்றி. அதே மேசை, அதே பொம்மைகள். இரண்டாவது முறை நண்பர் நாற்காலியில் உட்காரவே இல்லை. (படத்தின் முடிவில் வரும் பாட்டும் வீரவணக்கமும் நிஜத்தில் நடக்கவில்லை. அவற்றுக்கு விதி எழுத முயன்று ஒரு சாயங்காலத்தை வீணாக்கினேன், நீங்கள் அதைச் செய்ய வேண்டாம்.)

சில சமயம் படமே இக்கட்டைத் தூக்கி எறிந்துவிடும். 'பிரேவ்ஹார்ட்' (1995) நல்ல உதாரணம். அதில் வரும் ஸ்டர்லிங் சண்டை திறந்த புல்வெளியில் நடக்கிறது. 1297 செப்டம்பர் 11 அன்று நடந்த உண்மையான சண்டையின் பெயரே ஸ்டர்லிங் பாலச் சண்டை. இரண்டு குதிரைகள் பக்கத்தில் பக்கத்தில் போகும் அளவுக்கே அகலமான பாலம். அதன் வழியாக ஆங்கிலப் படை கொஞ்சம் கொஞ்சமாகக் கடந்து வருகிறது. ஸ்காட்லாந்துத் தலைவர்கள் வாலஸும் ஆண்ட்ரூ மோரேயும் எதிரில் மேட்டில் காத்திருக்கிறார்கள். எத்தனை பேர் கடந்த பிறகு பாய்வது? குறைவாக விட்டால் வெற்றி சின்னது, அதிகமாக விட்டால் தாங்க முடியாது. இதைவிட நல்ல வார்கேம் (மேசைப் போர் விளையாட்டு) கேள்வி கிடைப்பது அபூர்வம், படத்தில் பாலமே இல்லை! அந்தப் படத்திலிருந்து முகத்தில் பூசிய நீல வண்ணத்தையும் ஆரவாரத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள், பாலத்தை வரலாற்றிலிருந்து கொண்டு வாருங்கள். வரலாற்றுச் சண்டையைக் காட்டும் எந்தப் படத்துக்கும் இந்தச் சோதனையைச் செய்வது என் வழக்கம்: இயக்குநர் எதை நீக்கினார்? படப்பிடிப்புக்குத் தொல்லை என்று நீக்கியது பெரும்பாலும் ஆறு, பாலம், சேறு, தாமதம் போன்ற ஒன்றாக இருக்கும். நமக்கு வேண்டியதும் அதுதான்.

'ஃபியூரி' (2014) படத்தில் சிக்கல் வேறு மாதிரி. நான்கு அமெரிக்க ஷெர்மன் டாங்கிகளை ஒரு ஜெர்மன் டைகர் டாங்கி மறைவிலிருந்து அடிக்கத் தொடங்குகிறது. படத்தில் ஓடுவது நிஜ டைகர், இங்கிலாந்தின் போவிங்டன் டாங்கி அருங்காட்சியகத்தில் இருக்கும் டைகர் 131. பார்க்கவே அவ்வளவு அழகு. ஆனால் சிறிது நேரத்தில் அந்த டைகர் மறைவை விட்டு வெளியே வந்து ஷெர்மன்களை நெருங்கிச் சண்டை போடுகிறது. ஏன் வந்தது? கேமராவுக்காக வந்தது. மேசையில் டைகரை ஆடுபவர் வரமாட்டார். நின்ற இடத்திலேயே நின்று ஒவ்வொன்றாக அடிப்பார், இருபது நிமிடத்தில் ஆட்டம் முடிந்துவிடும். அதனால் டைகர் நகர்வதற்கு நீங்கள் ஒரு காரணம் கொடுத்தாக வேண்டும். ஷெர்மன்கள் புகைக் குண்டு போட்டுப் பார்வையை மறைக்கலாம், படத்திலும் அதைத்தான் செய்கிறார்கள். இத்தனை டர்னுக்குள் சாலை முனையைப் பிடிக்க வேண்டும் என்று டைகருக்கும் ஒரு கட்டாயம் வைக்கலாம். திரையில் ஒரு பாத்திரம் செய்யும் முட்டாள்தனத்துக்கு மேசையில் காரணம் கண்டுபிடிப்பது சினாரியோ (ஆட்டத்தின் களம், படைகள், நோக்கம்) எழுதுபவரின் வேலை. எனக்கு இதில் பிடித்த பகுதியே இதுதான்.

சரி, முழுதாக மேசைக்கு வரக்கூடிய படம் எது என்று கேட்டால், யோசிக்காமல் சொல்வேன்: ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவின் 'செவன் சாமுராய்' (1954). கொள்ளைக்காரர்களிடமிருந்து ஒரு கிராமத்தைக் காக்க ஏழு சாமுராய்கள் வருகிறார்கள். அவர்களின் தலைவர் காம்பெய் செய்வது எல்லாம் ஒரு சினாரியோ எழுதுபவர் செய்வதுதான். கிராமத்தைச் சுற்றி நடந்து வரைபடம் போடுகிறார். மேற்கே வேலி. தெற்கே வயல்களில் தண்ணீரை விட்டு நிரப்புகிறார்கள். கிழக்கே ஓடையின் மேல் இருக்கும் பாலத்தை எடுத்துவிடுகிறார்கள். அதனால் ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கும் வீடுகளைக் கைவிட வேண்டும், அந்த வீட்டுக்காரர்கள் கொதிக்கிறார்கள். வடக்கே காட்டுப் பாதையை மட்டும் வேண்டுமென்றே திறந்து வைக்கிறார். நல்ல கோட்டைக்கு ஒரு இடைவெளி வேண்டும், எதிரியை உள்ளே இழுத்துத்தான் அடிக்க முடியும் என்பது அவர் கணக்கு. வருகிற குதிரைகளில் ஒன்றையோ இரண்டையோ உள்ளே விட்டு, ஈட்டிகளால் வழியை அடைத்து, உள்ளே மாட்டியவர்களை முடிக்கிறார்கள். வரைபடத்தில் 40 கொள்ளைக்காரர்களுக்கும் வட்டம் போட்டு வைத்து, ஒருவர் விழ விழ ஒவ்வொரு வட்டமாக அடித்துக்கொண்டே வருகிறார். நம்மில் பாதிப் பேர் அட்டவணைத் தாளில் செய்வதும் அதுவேதான்.

இதை நான் நான்கு முறை ஆடியிருக்கிறேன், நான்கு முறையும் வேறு வேறு மாதிரி முடிந்தது. காவல் பக்கத்துக்கு ஏழு சாமுராய்களும் மூங்கில் ஈட்டி பிடித்த பதினைந்து விவசாயிகளும். தடுப்புகளுக்கு என்று சில புள்ளிகள் கொடுத்துவிடுவேன். வேலியா, தண்ணீரா, பாலத்தை எடுப்பதா என்று அவர் முடிவு செய்யட்டும். நான்கு பக்கத்தையும் அடைக்கப் புள்ளிகள் போதாது, அதுதான் முக்கியம். கொள்ளைக்காரர் பக்கத்துக்கு 40 பேர், மூன்று துப்பாக்கிகள். அந்தத் துப்பாக்கிகளைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். படத்தில் இறக்கும் நான்கு சாமுராய்களும் குண்டு பட்டுத்தான் இறக்கிறார்கள், ஒருவர்கூட வாளால் இல்லை. வாள் வித்தையில் கரை கண்ட கியூசோவுக்கும் அதே முடிவுதான். ஆகவே துப்பாக்கி அரிதாக, மெதுவாக, ஆனால் பட்டால் எவரையும் சாய்ப்பதாக இருக்க வேண்டும். காவல் பக்கம் அதைப் பறிக்கப் பார்க்கும். அங்கேதான் இன்னொரு இக்கட்டு வருகிறது. படத்தில் கிகுச்சியோ என்ற சாமுராய் தன் காவலிடத்தை விட்டு ஓடிப் போய்த் துப்பாக்கி ஒன்றைப் பறித்து வருகிறார். பாராட்டை எதிர்பார்த்து வந்தவருக்குத் திட்டு விழுகிறது. அவர் இல்லாத நேரத்தில் அந்த வழியாகக் கொள்ளைக்காரர்கள் புகுந்துவிடுகிறார்கள். இதை நான் ஒரு வரி விதியாக்கினேன்: சாமுராய் பக்கத்தில் இல்லாத விவசாயிகள் ஒவ்வொரு டர்னும் பகடை உருட்ட வேண்டும், சறுக்கினால் பின்வாங்குவார்கள். அந்த ஒரு வரி போதும். துப்பாக்கியைப் பார்த்ததும் எல்லோருக்கும் கை அரிக்கும், ஓடவும் பயமாக இருக்கும்.

எதிர்ப்பக்கத்தை மறக்காதீர்கள். கொள்ளைக்காரர்கள் 40 பேரும் சாகும்வரை மோதுவதில் அர்த்தம் இல்லை, அவர்கள் வந்தது தானியத்துக்கு. உள்ளே புகுந்து மூட்டையைத் தூக்கிக்கொண்டு பலகையின் விளிம்பைத் தாண்டினால் அவர்களுக்குப் புள்ளி. பாதிப் பேர் விழுந்த பிறகு கூட்டம் கலைகிறதா என்று ஒவ்வொரு டர்னும் சோதனை. இப்போது அவர் எப்போது வெட்டிவிட்டு ஓடுவது என்று யோசிக்க வேண்டியிருக்கும்.

இந்தக் கதை எந்த உடையிலும் பொருந்தும் என்பதைத் திரையுலகமே காட்டிவிட்டது. 1960-ல் அது குதிரையும் கைத்துப்பாக்கியுமாக 'த மக்னிஃபிசென்ட் செவன்' ஆனது. விண்வெளிக்குக் கொண்டு போனாலும் தாங்கும். உடையை மாற்றுவதில் நடைமுறை லாபம் ஒன்றும் உண்டு. எதிரில் ஆடுபவரும் அதே படத்தைப் பார்த்திருப்பார். சாமுராய் உடையில் வைத்தால் அவருக்குக் கதை தெரியும், வடக்குப் பாதை பொறி என்று தெரியும். அதையே சுரங்கக் குடியிருப்பாகவும் கொள்ளையரை விண்கலக் கூலிப்படையாகவும் மாற்றிவிட்டால், ஆட்டம் பாதி கடந்த பிறகுதான் அவருக்கு உறைக்கும். 'ஸ்டார் வார்ஸ்' (1977) விண்கலச் சண்டைகளுக்கு ஜார்ஜ் லூகாஸ் இரண்டாம் உலகப் போர் விமானப் படங்களின் துண்டுகளை ஒட்டி மாதிரி தயாரித்துக்கொண்டார். திரைக்காரர்களே கூச்சப்படாமல் செய்வதை நாம் செய்ய என்ன?

தொலைக்காட்சித் தொடர்கள் ஒரு விதத்தில் படங்களைவிட வசதியானவை. ஒரு எபிசோட் என்பது கிட்டத்தட்ட ஒரு ஆட்டம். 'பேண்ட் ஆஃப் பிரதர்ஸ்' (2001) இரண்டாவது எபிசோடில் பிரேகூர் தாக்குதல் வருகிறது. 1944 ஜூன் 6, பிரான்சின் நார்மண்டி. யூட்டா கடற்கரையிலிருந்து உள்ளே வரும் பாதையை நான்கு ஜெர்மன் 105 மி.மீ. பீரங்கிகள் அடித்துக்கொண்டிருக்கின்றன. அமெரிக்க லெப்டினன்ட் வின்டர்ஸ் ஏறக்குறைய ஒரு டஜன் ஆட்களோடு அவற்றை ஒவ்வொன்றாக முடக்குகிறார். இயந்திரத் துப்பாக்கிகள் எதிரியின் தலையைத் தூக்கவிடாமல் சுட்டுக்கொண்டிருக்க, மற்றவர்கள் பதுங்குகுழி வழியாக ஓடுகிறார்கள். முதல் பீரங்கியைப் பிடித்தால் அங்கிருந்து இரண்டாவதுக்கு வழி திறக்கிறது. வெடிமருந்து குறைந்துகொண்டே வருகிறது. இன்னும் ஒன்றுக்குப் போவதா, இதோடு திரும்புவதா?

இந்த மாதிரிக் காட்சிக்கு விதிப் புத்தகத்தைத் தேர்ந்தெடுப்பதும் முக்கியம். எதிரி சுடும்போது ஆட்கள் சாவதோடு, பயந்து ஒடுங்குவதும் விதியில் இருக்க வேண்டும். 'போல்ட் ஆக்‌ஷன்' என்ற இரண்டாம் உலகப் போர் விளையாட்டின் விதிகளில் சூடுபடும் அணிக்கு 'பின்' குறிகள் ஏறும், ஏற ஏற அது சொன்னபடி கேட்காது. யார் எப்போது நகர்வது என்பதற்குப் பையிலிருந்து ஆர்டர் பகடையை உருவ வேண்டும், உன் நிறமா அவன் நிறமா என்று கடைசி நொடிவரை தெரியாது. பிரேகூருக்கு இது கச்சிதம். நான் ஒரு பக்கம் முழுக்க நகர்ந்த பிறகு நீ நகர் என்ற பழைய முறையில் அதே காட்சியை ஆடினால் செத்துப் போகும்.

திகில் படங்களிலிருந்து எடுக்க வேண்டியது வேறு ஒன்று: தெரியாமை. 'ஏலியன்ஸ்' (1986) படத்தில் உண்மையிலேயே பயமுறுத்துவது கையில் பிடித்திருக்கும், அசைவைக் காட்டும் அந்தக் கருவிதான். திரையில் புள்ளிகள் நெருங்குகின்றன, எதிரில் ஒன்றும் தெரியவில்லை. மூன்று வருடம் கழித்து, 1989-ல் கேம்ஸ் வொர்க்‌ஷாப் வெளியிட்ட 'ஸ்பேஸ் ஹல்க்' விளையாட்டில் அதன் சாயலைப் பார்க்கலாம். எதிரி பலகைக்குள் வரும்போது வெறும் 'பிளிப்' வில்லைகளாக வருகிறது. கண்ணில் பட்ட பிறகே திருப்பி எத்தனை என்று பார்க்க முடியும். போதாததற்கு மரீன் (விண்வெளிச் சிப்பாய்) பக்கம் ஆடுபவருக்கு மட்டும் நேரக் கட்டுப்பாடு. அவர் கை நடுங்க நடுங்க பொம்மைகளை நகர்த்த, எதிரில் இருப்பவர் நிதானமாகப் பார்த்துக்கொண்டிருப்பார். இந்த இரண்டு யோசனைகளையும் எந்தக் காலத்துச் சண்டைக்கும் கடன் வாங்கலாம். காட்டில் பதுங்கிய வில்லாளர்களை வில்லைகளாக வையுங்கள், சிலவற்றின் அடியில் ஒன்றுமே இல்லாமல் விடுங்கள்.

'தாஸ் பூட்' (1981) இதன் உச்சம். நீர்மூழ்கிக்குள் இருப்பவர்களுக்கு எதிரி என்பது ஒரு சத்தம் மட்டுமே. இதை மேசையில் கொண்டுவர நடுவர் ஒருவர் வேண்டும். கப்பல் ஆட்டக்காரரும் நீர்மூழ்கி ஆட்டக்காரரும் தனித்தனித் தாளில் நகர்வை எழுதுவார்கள், நடுவர் மட்டும் உண்மையான இடத்தை அறிவார். பொம்மைகளே தேவையில்லை. ஆட்கள் கிடைத்தால் செய்து பாருங்கள். மூன்றாவது ஆள் கிடைப்பதுதான் எப்போதும் பிரச்சினை.

பெரும்படை மோதும் காட்சிகளைப் பற்றி எனக்கு நம்பிக்கை குறைவு. இயக்குநர் போண்டார்சுக்கின் 'வாட்டர்லூ' (1970) படத்துக்கு சோவியத் ராணுவத்திலிருந்து சுமார் 15,000 காலாட்படையினரும் 2,000 குதிரைவீரர்களும் துணை நடிகர்களாக வந்தார்கள். பிரிட்டிஷ் காலாட்படை சதுரங்களாக நிற்க, அவற்றுக்கு இடையே பிரெஞ்சுத் தளபதி நேயின் குதிரைப்படை சுழன்று சுழன்று ஓடுவதை மேலிருந்து காட்டும் காட்சி இருக்கிறதே, அதைப் பார்த்துவிட்டு மேசை போடாத ஆளை நான் பார்த்ததில்லை. ஆனால் அந்த வியப்பு எண்ணிக்கையால் வருவது. 28 மி.மீ. உயரப் பொம்மைகளில் ஒரு சதுரத்துக்கு இருபது பேர் வைத்தால் சதுரம் மாதிரி இருக்காது, பேருந்துக்குக் காத்திருக்கும் கூட்டம் மாதிரி இருக்கும். அந்தத் தோற்றம் வேண்டுமென்றால் 6 மி.மீ. பொம்மைகளுக்குப் போங்கள். பெரிய பொம்மைகள்தான் கையில் உள்ளன என்றால் அந்தப் பெரும் சண்டைக்குள் ஒரு சின்ன மூலையை எடுங்கள், ஒரு பண்ணை வீட்டு வாசல் போதும்.

'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரில் 2016-ல் வந்த 'பேட்டில் ஆஃப் த பாஸ்டர்ட்ஸ்' கார்த்தேஜ் தளபதி ஹானிபல் ரோமப் படையைச் சுற்றி வளைத்த கன்னே சண்டையை (கி.மு. 216) மனதில் வைத்து எடுக்கப்பட்டது. நாலாபுறமும் சுற்றி வளைத்து நெருக்கும்போது, நடுவில் இருப்பவனுக்கு வாள் ஓங்கவும் இடமில்லாமல் போகிறது. ஓர் அணி நகர இடமில்லாமல் நெருக்கப்பட்டால் அதன் சண்டைப் பகடையைப் பாதியாகக் குறையுங்கள், அந்த மூச்சுத்திணறல் மேசையிலும் வரும். மாறாக 2019-ல் வந்த 'த லாங் நைட்' எபிசோடில் கல்லெறி இயந்திரங்களைக் காலாட்படைக்கு முன்னால் நிறுத்தி வைத்து, குதிரைப்படை மொத்தத்தையும் இருட்டுக்குள் அனுப்புகிறார்கள். அதைப் பார்த்து நான் தொலைக்காட்சியோடு சண்டை போட்டேன். 'பாகுபலி' முதல் பாகத்தின் (2015) திரிசூல வியூகத்தை மேசைக்குக் கொண்டுவர முயன்றவர்களும் உண்டு. மூன்று முனைகளாகப் பிரிந்து போவது வரை சரியாக வரும், அதற்குப் பிறகு ஒரே ஆள் நூறு பேரை வீழ்த்தும் இடத்தில் விதிப் புத்தகம் கையைப் பிசையும்.

அந்த இடத்தைத் தாண்டாமல் விட முடியாது, ஏனென்றால் படம் என்றாலே நாயகன். நாயகன் முதல் டர்னில் ஒரு குண்டுக்குச் செத்தால் படம் மாதிரி இருக்காது, சாகவே மாட்டான் என்றால் விளையாட்டு மாதிரி இருக்காது. இதற்கு நல்ல வழிகள் ஏற்கெனவே இருக்கின்றன. 2001-ல் வந்த 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' மினியேச்சர் விளையாட்டில் நாயகர்களுக்கு 'மைட்', 'வில்', 'ஃபேட்' என்று மூன்று கையிருப்பு உண்டு. பகடையை உயர்த்த மைட், விழுந்த அடியைத் துடைக்க ஃபேட். செலவழித்தால் தீர்ந்தது. பழைய சாகசத் தொடர்களின் பாணிக்கு என்றே எழுதப்பட்ட '7டிவி' விதிகளில் ஆட்களையே ஸ்டார், கோ-ஸ்டார், எக்ஸ்ட்ரா என்று பிரித்திருப்பார்கள். எக்ஸ்ட்ரா என்றால் உங்களுக்கே தெரியும், விழுவதற்கென்று வந்தவர்கள். என் அனுபவத்தில் ஒரு ஆட்டத்துக்கு மூன்று முறை தப்பிக்கும் வாய்ப்பு போதும். மூன்றும் தீர்ந்த பிறகு அந்த நாயகனை நகர்த்தும் கையைப் பாருங்கள், மெதுவாகிவிடும். வில்லனுக்கும் அதே மூன்றைக் கொடுக்க மறக்காதீர்கள்.

நோக்கம் பாதியில் மாறும் படங்களைத் தனியாகக் குறித்து வையுங்கள். 'பிளாக் ஹாக் டவுன்' (2001) காட்டும் 1993 அக்டோபர் சோமாலியாவின் மொகதிஷு சண்டை ஆட்களைப் பிடித்துவரும் வேலையாகத் தொடங்கியது. இரண்டு ஹெலிகாப்டர்கள் நகருக்குள் விழுந்ததும் மீட்பு வேலையாக மாறி விடியும்வரை நீண்டது. மூன்றாவது டர்னில் ஒரு உறையைப் பிரித்துப் புதிய நோக்கத்தைப் படிப்பது மேசையில் பிரமாதமாக வேலை செய்யும். ஆனால் அந்தப் படம் சோமாலியர்களை வெறும் கூட்டமாகக் காட்டுகிறது, என் ஜூலு ஆட்டத்தின் அதே தவறு. போதாததற்கு அவை அண்மைக் காலத்து உண்மையான சாவுகள். நான் அந்த உறை யோசனையை மட்டும் எடுத்துக்கொண்டு கற்பனை நகரத்தில் வைத்துக்கொள்கிறேன்.

'கெல்லிஸ் ஹீரோஸ்' (1970) இதற்கு நேர்மாறான குஷி. எதிரி எல்லைக்குள் ஒரு வங்கியில் தங்கம், அதைத் திருடப் போகும் சிப்பாய்கள், காவலுக்கு டைகர் டாங்கிகள். கடைசியில் மிஞ்சிய டைகரின் தளபதியோடு பங்கு பேசி முடித்துவிடுகிறார்கள். எதிரில் இருப்பவரோடு பேரம் பேசலாம் என்று விதியில் ஒரு வரி எழுதி, தங்கத்துக்குப் புள்ளி வைத்துவிடுங்கள். மூன்று பேர் ஆடினால் இன்னும் நல்லது, இருவர் பேசுவதை மூன்றாமவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கும்.

தோற்றத்தைப் பற்றிக் கொஞ்சம். படத்தைப் பார்த்து மேசையின் ஒளி, சேறு, இடிபாடு இவற்றை அமைப்பதில் தவறே இல்லை. ஆனால் சீருடைக்கும் வண்டிகளுக்கும் படத்தை நம்ப வேண்டாம். 'பேட்டில் ஆஃப் த பல்ஜ்' (1965) ஸ்பெயினில் எடுக்கப்பட்டது. போருக்குப் பின் வந்த அமெரிக்க எம்47 டாங்கிகள் அதில் ஜெர்மன் கிங் டைகர்களாக வேஷம் கட்டியிருக்கின்றன. பனிக்காட்டில் நடந்த போரின் முடிவு வறண்ட வெட்டவெளியில் நடக்கிறது. வண்ணமும் அப்படித்தான். இப்போதைய போர்ப் படங்களில் நீலச் சாம்பல் பூசாத காட்சியே இல்லை. அதைப் பார்த்துப் பொம்மைக்கு வண்ணம் பூசினால் மேசையில் அழுக்காகத் தெரியும், துணி நிறம் தெரியாது.

எப்படிப் பார்ப்பது என்று கேட்பீர்கள். நான் முதல் முறை சும்மா பார்ப்பேன். இரண்டாவது முறை அந்தச் சண்டையை மட்டும், சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்ப்பேன். இசை போய்விட்டால் பாதிக் காட்சிகளில் ஒன்றுமே நடக்கவில்லை என்பது தெரியும், அவற்றை விட்டுவிடலாம். மிச்சமிருப்பதில் யாராவது தயங்கும் இடத்தில் நிறுத்துவேன். அவன் ஏன் தயங்கினான், அந்த நேரத்தில் அவனுக்கு என்ன தெரியாது, இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று மூன்று வரி எழுதுவேன். எதிரி பக்கத்துக்கும் அதே மூன்று வரி எழுத வராவிட்டால் அந்தக் காட்சி இருவர் ஆடும் ஆட்டத்துக்கு ஆகாது. அப்போது இருவரையும் ஒரே பக்கத்தில் உட்கார வைத்து, எதிரியைச் சீட்டுக் கட்டால் நகர்த்துவேன்.

முதலில் எதை ஆடலாம் என்றால், 'செவன் சாமுராய்' கிராமத்தையே சின்னதாக்கிப் பாருங்கள். இரண்டடிக்கு இரண்டடி பலகை, நான்கு குடிசை, மூன்று வாள்வீரர்கள், ஆறு விவசாயிகள், பன்னிரண்டு கொள்ளைக்காரர்கள், ஒரே ஒரு துப்பாக்கி. தடுப்பு வைக்க இரண்டு பக்கத்துக்கு மட்டும் அனுமதி. ஆறு டர்ன், ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். முடிந்ததும் பக்கம் மாறி இன்னொரு முறை ஆடுங்கள். சற்று முன் கொள்ளைக்காரனாக வந்தவர் இப்போது வேலியை எந்தப் பக்கம் வைக்கிறார் என்று கவனியுங்கள்.